பழைய வீடுகளைப் பற்றி ஊரில் கூட்டம் போடுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பழைய வீடுகளைக் காப்பாற்ற வேண்டும் என்று கூட்டம் போட்டால் வந்து உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே அந்த வீடுகள் மேல் ஆசை உள்ளவர்கள்தான். இடிப்பதா வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்கிற வீட்டுக்காரர் அந்தப் பக்கமே வருவதில்லை. புதுச்சேரியையே எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரையோரம் ஒரு ஏ.சி. ஹாலில், ஆங்கிலத்தில், வேலைநாள் காலை பதினொரு மணிக்குப் பேச்சு வைத்தால் வைசியாள் வீதிக்காரர் எப்படி வருவார்? அவர் தெருவிலேயே, யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தமிழில் வையுங்கள்.

அப்புறம், பிரெஞ்சுக்காரர்களைப் பற்றி மட்டுமே பேசிவிட்டு முடிப்பது. ஊரை இரண்டாகப் பிரிக்கிற பெரிய வாய்க்காலுக்கு மேற்கே திண்ணையும் தாழ்வாரமும் முற்றமுமாக நிற்கிற தமிழர் வீடுகளும் அதே ஊர்தானே? பிரெஞ்சுக்காரர் காலத்தில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை வீட்டில் கீழ்த்தளம் நம் பாணி, மாடி பிரெஞ்சுச் சாயல். இரண்டும் கலந்ததுதான் இந்த ஊரின் அழகு. வைசியாள் வீதியில் வரிசையாக முகப்புகளைச் சீரமைத்த வேலைக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதே கிடைத்திருக்கிறது. தெருக்காரர்களிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி அது.

பழைய போட்டோக்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டிவிட்டு "கூரை ஒழுகுது, என்ன பண்ண?" என்கிற கேள்விக்குப் பதில் இல்லாமல் நிற்பதுதான் எனக்கு ரொம்ப வருத்தம் தருவது. இந்தப் பழைய வீடுகளில் இருக்கிற மெட்ராஸ் டெரஸ் என்பது மரக்கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் சுண்ணாம்பு வைத்து அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு இடித்து, கடைசியில் தட்டோடு பதித்த கூரை. ஒழுகுகிறதே என்று அதன் தலையில் சிமெண்டைக் கொட்டினால் பாரம் கூடும், விரிசல் வழியே இறங்கிய ஈரம் காய வழியில்லாமல் உள்ளேயே நிற்கும், சுவருக்குள் செருகியிருக்கிற கட்டை முனை உளுத்துப்போகும். சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசினாலும் இதே கதைதான், கொஞ்ச நாளில் உப்பு பூத்துப் பொருக்குப் பொருக்காக உதிரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரைக் கூப்பிட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் கலவை குழைத்துக் காட்டச் சொல்லுங்கள், பேராசிரியருக்குக் கொடுக்கிற அதே மரியாதையும் சம்பளமும் கொடுத்து. கடற்கரையில் இருந்த பழைய மேரி கட்டடம் (பிரெஞ்சுக்காரர் காலத்து நகரமன்றம்) 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததை ஊரே பார்த்தது. அரசுக் கட்டடத்துக்கே அந்தக் கதி என்றால் தனி ஆள் வீட்டுக்குப் பராமரிப்பு எவ்வளவு முக்கியம் என்று அதை வைத்தே பேசலாம்.

வீட்டை விற்கிறவரை மேடையில் திட்டாதீர்கள். ஐந்து பேருக்குப் பாகம் உள்ள வீடு, இரண்டு பேர் வெளிநாட்டில், ஒருவருக்கு அவசரமாகப் பணம் வேண்டும், பாகப்பிரிவினை முடியவில்லை என்றால் அவர் என்னதான் செய்வார்? பத்திரம், பாகப்பிரிவினை பற்றி விவரமாகச் சொல்ல ஒரு வக்கீலைக் கூட்டிவாருங்கள். முன்கட்டை வாடகைக்கு விட்டு வீட்டைக் காப்பாற்றியவர் யாராவது இருந்தால் அவரைப் பேசச் சொல்லுங்கள், செலவுக் கணக்கோடு.

கடைசியாக, வீட்டுக்காரரைக் கேட்காமல் உள்ளே படம் எடுத்து, கதவு எண்ணோடு வாட்ஸ்அப்பில் போடவே கூடாது, திருடனுக்கு வழி காட்டியதாகிவிடும். தேக்குத் தூணுக்கும் செதுக்கிய கதவுக்கும் நல்ல விலை இருக்கிறது, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போனால் தெரியும். ஆள் குடியிருக்காத வீடாக இருந்தால் படமே எடுக்காதீர்கள்.