பழைய மஸ்டாங், கமாரோ வாங்கும் முன்: பின் ஆக்சில் ரேஷியோவை நீங்களே கண்டுபிடிப்பது எப்படி?

1960களின் கடைசியில் வந்த அமெரிக்க மஸில் கார் ஒன்றைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பானெட்டைத்தான் திறக்கச் சொல்வார்கள். எனக்குக் காரின் பின்பக்கம் குனிந்து பார்த்தால்தான் திருப்தி. எஞ்சின் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அதன் பலம் சக்கரத்துக்கு எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்று முடிவு செய்பவை பின் ஆக்சிலுக்குள் இருக்கும் இரண்டு பல்சக்கரங்கள்தான். அவற்றில் சில ரேஷியோக்கள் தொழிற்சாலையிலிருந்து கொஞ்சம் கார்களில் மட்டுமே வந்தன. அதை அடையாளம் காணும் வழியை, இதுவரை காருக்கு அடியில் கை வைக்காதவருக்கும் புரியும்படி சொல்கிறேன்.

முதலில் சின்னக் கணக்கு

எஞ்சின் பலத்தைப் பின்னால் கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் பினியன். அது சுழற்றும் பெரியது கிரவுன். கிரவுனின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் ரேஷியோ. கமாரோவைச் செய்த செவ்ரலேயின் 12 போல்ட் ஆக்சிலில் (பின்மூடியில் 12 போல்ட் இருப்பது) 41 பல் கிரவுனுக்கு 11 பல் பினியன் என்றால் 3.73. அதே 41க்கு 10 என்றால் 4.10. 15 என்றால் 2.73.

எண் பெரிதாக இருந்தால் கார் நின்ற இடத்திலிருந்து பாய்ந்து கிளம்பும். ஆனால் நெடுஞ்சாலையில் எஞ்சின் ஓயாமல் கத்தும். எவ்வளவு கத்தும் என்று தெரிய வேண்டுமா? மைல் வேகத்தை ரேஷியோவால் பெருக்கி, 336ஆல் பெருக்கி, டயரின் விட்டத்தால் (அங்குலத்தில்) வகுங்கள். 27 அங்குல டயர், மணிக்கு 60 மைல், 4.10 ரேஷியோ என்றால் சுமார் 3,060 ஆர்பிஎம். 2.73 என்றால் சுமார் 2,040 போதும். அந்தக் காலத்து நாலு கியர் பெட்டியில் ஓவர்டிரைவ் (எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) கிடையாது, டாப் கியர் நேர் 1:1. தினமும் வேலைக்குப் போகும் ஆள் 4.30 கேட்டு ஆர்டர் செய்வாரா? பெரிய எண்கள் அரிதானதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

படி 1: கார் எப்படிப் பிறந்தது என்று பாருங்கள்

காரில் இப்போது என்ன ரேஷியோ இருக்கிறது என்பது ஒரு கேள்வி. தொழிற்சாலையை விட்டு வரும்போது என்ன இருந்தது என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் பணத்தை இழக்கிறார்கள்.

ஃபோர்டில் இது ரொம்ப முக்கியம். 1969, 1970 மஸ்டாங்கில் 428 கன அங்குல கோப்ரா ஜெட் எஞ்சினோடு 3.91 அல்லது 4.30 ஆக்சிலை ஆர்டர் செய்தால், அது டிராக் பேக் என்ற பந்தயத் தொகுப்பாகிவிடும். வலுவான கனெக்டிங் ராடுகளும் வெளியே பொருத்திய ஆயில் கூலரும் சேர்ந்தே வரும். எஞ்சின் பெயரும் சூப்பர் கோப்ரா ஜெட் என்று மாறிவிடும். ஆனால் காரின் அடையாள எண்ணில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான்: ராம் ஏர் (பானெட் வழியாக எஞ்சினுக்கு வெளிக்காற்றை விடும் அமைப்பு) இல்லையென்றால் கியூ, இருந்தால் ஆர். ஆக, உள்ளே இருப்பது சூப்பரா சாதாரணமா என்று ஓட்டுநர் கதவு விளிம்பிலுள்ள தகட்டில் அல்லது ஸ்டிக்கரில் சொல்வது ஆக்சில் குறியீடு மட்டும்தான். வி என்றால் 3.91, டபிள்யூ என்றால் 4.30. ஒரு எழுத்தை நம்பிப் பெரிய விலை நிற்கிறது. கதவுத் தகட்டைப் புதிதாக அடித்துத் தருபவர்களும் உண்டு என்பதால், ஃபோர்டின் உற்பத்திப் பதிவுகளிலிருந்து தயாராகும் மார்ட்டி ரிப்போர்ட்டை வாங்கி ஒப்பிடுங்கள்.

கிரைஸ்லர் கார்களில் பானெட்டுக்குள் இருக்கும் ஃபெண்டர் தகட்டைப் படியுங்கள். ஏ33 என்றால் டானா 60 என்ற வலுவான ஆக்சிலோடு 3.54. ஏ34 என்றால் 4.10. பான்டியாக் என்றால் பிஎச்எஸ் (பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ்) ஆவணம் கிடைக்கும். செவ்ரலேயில் ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தடுப்பு) உள்ள தகடு ஆக்சிலைப் பற்றி எதுவும் சொல்லாது. பில்ட் ஷீட் (காரில் என்னென்ன பொருத்த வேண்டும் என்று தொழிற்சாலை அச்சிட்ட தாள்) இருந்தால் அதிர்ஷ்டம்.

படி 2: ஆக்சிலின் மேல் உள்ள எழுத்து

ஃபோர்டு 9 அங்குல ஆக்சிலில் பின்மூடி கிடையாது. முன்பக்க போல்ட் ஒன்றில் சின்ன உலோகச் சீட்டு தொங்கும். 3க்கும் 50க்கும் நடுவே எல் என்ற எழுத்து இருந்தால் 3.50, லாக்கிங் வகை (இரண்டு பின்சக்கரங்களையும் சேர்த்துச் சுழற்றுவது). எழுத்து இல்லையென்றால் சாதாரண வகை. ஆனால் இந்த ஆக்சிலில் கேரியரை (பல்சக்கரங்கள் பொருத்திய உள்பகுதி) அப்படியே முன்னால் உருவி வேறொன்றைப் போட்டுவிடலாம். சீட்டை இன்னொன்றில் மாட்டுவது அதைவிடச் சுலபம். அதனால் சீட்டை மட்டும் நம்ப வேண்டாம்.

12 போல்ட் ஆக்சிலில் குறியீடு வலப்பக்கக் குழாயின் மேலேயே அடித்திருக்கும். கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் துருவை நீக்குங்கள். கிரைண்டர் வேண்டவே வேண்டாம், எழுத்தே போய்விடும்.

படி 3: சுற்றுகளை எண்ணுங்கள்

சமதளத்தில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களைப் பிடிப்பதால் அதை விடுவித்தாக வேண்டும். எனவே முதலில் முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டு போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் போகவே கூடாது. கியர் நியூட்ரலில் இருக்கட்டும், சாவி உங்கள் பையில் இருக்கட்டும்.

டயரிலும் ஷாஃப்ட்டிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஒரு சக்கரத்தைத் திருப்பும்போது மறுபக்கச் சக்கரம் அதே திசையில் சுற்றினால் அது லாக்கிங் வகை, அதாவது லிமிடெட் ஸ்லிப் அல்லது லாக்கர். சக்கரத்தைப் பத்துச் சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட்டின் சுற்றுகளை நண்பர் எண்ணட்டும். 41 வந்தால் 4.10. 37ஐத் தாண்டிக் கொஞ்சம் என்றால் 3.73. ஒரே சுற்றோடு நிறுத்தினால் 3.91ஐயும் 4.10ஐயும் பிரிப்பது கஷ்டம்.

மறுபக்கச் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றினால் அது ஓப்பன் டிஃபரன்ஷியல், அதாவது சாதாரண வகை. அப்போது ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதை இருபது சுற்று சுற்றுங்கள். ஒரு பக்கம் நின்றுவிட்டால் கிரவுன் பாதி வேகத்தில்தான் சுழலும் என்பதால் இந்த இரட்டிப்பு. உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் தேய்ந்த பழைய லிமிடெட் ஸ்லிப்பும் ஓப்பன் மாதிரியே நடந்துகொள்ளும். அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள்.

படி 4: சந்தேகம் தீரவில்லையா? பற்களையே எண்ணுங்கள்

12 போல்ட்டில் ஆயிலை வடித்துப் பின்மூடியைத் திறந்தால் போதும். கிரவுனின் விளிம்பில் பல் எண்ணிக்கை பெரும்பாலும் பதிந்திருக்கும். ஃபோர்டு 9 அங்குலத்தில் கேரியரையே இறக்க வேண்டும். அந்த வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள். டிராக் பேக் ரேஷியோக்கள் இரண்டிலுமே கிரவுனுக்கு 43 பல். பினியன் 11 என்றால் 3.91, 10 என்றால் 4.30. லிமிடெட் ஸ்லிப் என்றால் மறுபடி ஆயில் ஊற்றும்போது அதற்கான சேர்மானத்தையும் ஊற்ற வேண்டும்.

படி 5: மூன்றையும் பக்கத்தில் வையுங்கள்

காகிதம், ஆக்சிலில் உள்ள எழுத்து, எண்ணிய பற்கள். மூன்றும் ஒன்றுபோல டபிள்யூ, 4.30, 43க்கு 10 என்று சொன்னால் தைரியமாகப் பேரம் பேசலாம். காகிதம் 3.50 என்று சொல்லி, ஷாஃப்ட் 43 தடவை சுற்றினால், யாரோ பின்னாளில் மாற்றியிருக்கிறார். கார் கெட்டதென்று அர்த்தமில்லை, ஓட்ட அருமையாகவே இருக்கும். ஆனால் அரிய காருக்கான விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. அப்புறம், மாற்றியவர்களில் பலர் பழைய கேரியரைக் கராஜ் மூலையில் பத்திரமாக வைத்திருப்பார்கள். பணத்தைக் கொடுக்கும் முன் அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.