அரசுப் பள்ளியில இருந்து இன்னொரு அரசுப் பள்ளிக்குப் பிள்ளைய மாத்தறது எப்படி? டிசி கேக்கறதுக்கு முன்னாடி இதப் படிச்சிடுங்க

மொதல்ல ஒரே ஒரு விஷயம். டிசி (மாற்றுச் சான்றிதழ்) வாங்கறதுக்கு முன்னாடி புது ஸ்கூல்ல சீட்டு இருக்கான்னு கேட்டுடுங்க. எனக்கு இத யாரும் சொல்லல. ரெண்டு வருஷம் முன்னாடி நாங்க வீடு மாறினப்ப பையன் ஏழாவது, நான் பாட்டுக்கு லெட்டர் எழுதிக் குடுத்து டிசிய வாங்கி பையில வெச்சுக்கிட்டு புது ஏரியா ஸ்கூலுக்குப் போய் நின்னா, "இங்கிலீஷ் மீடியம் ஃபுல்லுங்க, தமிழ் மீடியம்னா சேத்துக்கறோம்"னு சொல்லிட்டாங்க. பழைய ஸ்கூல்ல பேர் எடுத்தாச்சு, புது ஸ்கூல்ல பேர் ஏறல, 11 நாள் பையன் வீட்ல டிவி முன்னாடி. அவனுக்கு ஜாலி, எனக்குத்தான் தூக்கம் போச்சு.

அதனால நான் பட்டதெல்லாம் வெச்சு, தமிழ்நாட்டு அரசுப் பள்ளிக்குள்ளயே மாத்தறவங்களுக்காக இத எழுதறேன். பிரைவேட் ஸ்கூல்ல இருந்து வர்றவங்களுக்கும் பாதிக்கு மேல பொருந்தும்.

படி 1: நிஜமாவே மாத்தணுமா?

வீடு மாறிட்டீங்க, இல்ல அஞ்சாவதோட ஸ்கூல் முடியுதுன்னா யோசிக்கவே வேணாம், படி 2க்குப் போயிடுங்க. ஆனா "டீச்சர் சரியில்ல", "பசங்க கிண்டல் பண்றாங்க" மாதிரி காரணம்னா மொதல்ல எச்எம் (தலைமை ஆசிரியர்) கிட்ட ஒரு தடவ உக்காந்து பேசுங்க. செக்ஷன் மாத்தறது, அதே ஸ்கூல்ல மீடியம் மாத்தறது எல்லாம் டிசி இல்லாமலே நடக்கும். ஒவ்வொரு அரசுப் பள்ளியிலயும் பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு இருக்கு, அதுல பாதிக்கு மேல நம்மள மாதிரி பெத்தவங்கதான், அங்கயும் சொல்லலாம். அடிக்கறாங்கன்னா அது வேற கத. கல்வி உரிமைச் சட்டம் 17வது பிரிவுப்படி பிள்ளைய அடிக்கறதும் மனசு நோகற மாதிரி நடத்தறதும் தப்பு, அதுக்கு நாமதான் ஸ்கூல விட்டுப் போகணும்னு இல்ல.

படி 2: எந்த ஸ்கூல்?

தொடக்கப் பள்ளின்னா 1 முதல் 5, நடுநிலைன்னா 8 வரைக்கும், உயர்நிலைன்னா 10 வரைக்கும், மேல்நிலைன்னா 12 வரைக்கும். பிள்ள இப்ப 7ன்னா நடுநிலைப் பள்ளியில சேத்தா ரெண்டு வருஷத்துல திரும்ப இதே அலைச்சல், அதனால முடிஞ்சா 12 வரைக்கும் இருக்கறதா பாருங்க. தமிழ்நாட்டு விதிகள்படி 1 முதல் 5 வரைக்கும் 1 கிலோமீட்டருக்குள்ளயும் 6 முதல் 8 வரைக்கும் 3 கிலோமீட்டருக்குள்ளயும் இருக்கறதுதான் அக்கம்பக்கத்துப் பள்ளின்னு கணக்கு, ஆனா அதத் தாண்டி சேக்கக் கூடாதுன்னு அர்த்தம் இல்ல, இடம் இருந்தா சேத்துக்குவாங்க.

ஒண்ணு கவனிங்க. வெளிய பாத்தா அரசுப் பள்ளி மாதிரியே இருக்கும், ஆனா போர்டுல "அரசு உதவி பெறும்"னு போட்டிருக்கும். சாப்பாடு, புக்கு எல்லாம் அங்கயும் உண்டு, ஆனா இது ரெண்டும் ஒண்ணு இல்ல. மெடிக்கல் சேர்க்கையில 2020ல கொண்டு வந்து, அடுத்த வருஷம் இன்ஜினியரிங் மாதிரி தொழிற்படிப்புகளுக்கும் நீட்டின 7.5 சதவீத ஒதுக்கீடு, 6 முதல் 12 வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்குத்தான். மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் இதுல சேரும், உதவி பெறும் பள்ளி சேராது. எட்டாவதுல "பக்கத்துல இருக்கே"ன்னு அங்க மாத்திட்டு பன்னெண்டாவதுல வந்து அழுத ஒரு அம்மாவ எனக்குத் தெரியும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன்னு காலேஜ்ல மாசம் 1000 ரூபா தர்றாங்களே, அதுக்கு மட்டும் உதவி பெறும் பள்ளியில தமிழ் மீடியம் படிச்சாலும் இப்ப தர்றாங்க.

கேந்திரிய வித்யாலயா சென்ட்ரல் கவர்ன்மென்ட் ஸ்கூல், அதுக்கு அட்மிஷன் ரூல் தனி. இந்த வழியில அங்க போக முடியாது.

படி 3: நேர்ல போய் சீட்டு கேளுங்க

போன்ல வேணாம். காலைல பிரேயர் முடிஞ்சு ஒரு பத்தரை வாக்குல போங்க, எச்எம் கொஞ்சம் ஃப்ரீயா இருப்பாங்க. பிள்ளையோட ஆதார் ஜெராக்ஸ், கடைசிப் பரிட்சை மார்க், எமிஸ் நம்பர் எடுத்துட்டுப் போங்க. எமிஸ் நம்பர்னா பள்ளிக்கல்வித் துறையோட கம்ப்யூட்டர் பதிவுல (EMIS) ஒவ்வொரு பிள்ளைக்கும் இருக்கற தனி நம்பர், ஐடி கார்டுல இருக்கும், இல்லன்னா கிளாஸ் டீச்சரக் கேட்டா சொல்லிடுவாங்க.

கேக்க வேண்டியது: அந்த வகுப்புல அந்த மீடியத்துல இடம் இருக்கா, 11வதுன்னா அதே குரூப் இருக்கா, எல்லா சப்ஜெக்ட்டுக்கும் டீச்சர் இருக்காங்களா. கடைசிக் கேள்விய கேக்கக் கூச்சப்படாதீங்க, கணக்கு டீச்சர் போஸ்ட் காலியா இருக்கற ஸ்கூலுக்கு ஏன் மாத்தணும். சட்டம் சொல்றது தொடக்கப் பள்ளியில 30 பிள்ளைக்கு ஒரு டீச்சர், 6 முதல் 8ல 35க்கு ஒருத்தர், நீங்க ஒரு வகுப்ப எட்டிப் பாத்தாலே கணக்கு புரிஞ்சிடும். அப்படியே பாத்ரூமையும் ஒரு எட்டு பாத்துடுங்க, பொம்பளப் பிள்ளைன்னா கண்டிப்பா.

"சரி, டிசி கொண்டு வாங்க சேத்துக்கறோம்"னு எச்எம் வாயால வந்தப்புறம்தான் அடுத்த படி.

படி 4: பழைய ஸ்கூல்ல லெட்டர்

பெருசா ஒண்ணும் இல்ல, வெள்ளத் தாள்ல இப்படி எழுதுங்க:

"பெறுநர்: தலைமை ஆசிரியர் அவர்கள். பொருள்: மாற்றுச் சான்றிதழ் வேண்டுதல் தொடர்பாக. ஐயா, என் மகள் தங்கள் பள்ளியில் 7ஆம் வகுப்பு ஆ பிரிவில் படித்து வருகிறாள். நாங்கள் குடியிருப்பை மாற்றிவிட்டதால் அவளை வேறு பள்ளியில் சேர்க்க வேண்டியுள்ளது. எனவே மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

பேரு, எமிஸ் நம்பர், தேதி, கையெழுத்து. அவ்ளோதான். காரணத்துல புகார் எல்லாம் எழுதாதீங்க, டிசி லெட்டர் அதுக்கான இடம் இல்ல. ஒரு ஜெராக்ஸ்ல "பெற்றுக்கொண்டேன்"னு கையெழுத்து வாங்கி வெச்சுக்கங்க, பின்னாடி யாராவது இழுத்தடிச்சா அதுதான் உங்க ஆதாரம்.

ஜூலை ஆகஸ்ட்ல கேட்டா சில எச்எம் முகம் சுருங்கும். அதுக்குக் காரணம் நீங்க இல்ல. ஆகஸ்ட் 1ஆம் தேதி எத்தன பிள்ளைங்க இருக்காங்கங்கறத வெச்சுத்தான் அந்த ஸ்கூலுக்கு எத்தன டீச்சர் போஸ்ட்னு முடிவு பண்ணுவாங்க, ஒரு பிள்ள கொறஞ்சா ஒரு போஸ்ட் போயிடுமோன்னு அவங்களுக்குப் பயம். கொஞ்சம் தன்மையாப் பேசுங்க, ஆனா டிசி வேணுங்கற தேதிய விட்டுக் குடுக்காதீங்க.

படி 5: டிசிய கையில வாங்கின உடனே அங்கயே நின்னு படிங்க

இதுதான் எல்லாரும் கோட்ட விடற எடம். பேரும் இனிஷியலும் ஆதார்ல இருக்கற மாதிரியே இருக்கா, பிறந்த தேதி, அப்பா அம்மா பேர், எந்த வகுப்பு, எந்த மீடியம், எந்த தேதில ஸ்கூல விட்டதுன்னு ஒவ்வொண்ணா விரல் வெச்சுப் பாருங்க. என் பையனுக்கு இனிஷியல் ரெண்டுல ஒண்ணு விட்டுப் போச்சு, அங்கயே சொன்னதால பத்து நிமிஷத்துல திருத்தி வேற பிரின்ட் குடுத்தாங்க, வீட்டுக்கு வந்தப்புறம் பாத்திருந்தா இன்னொரு நாள் லீவு போட்டு வரணும். பத்தாவது மார்க் ஷீட்டுக்கும் எமிஸ்ல இருக்கற இதே விவரம்தான் போகுது, அதனால தப்ப இப்பவே புடிச்சாகணும். ஜாதி எடத்துல "வருவாய்த் துறை வழங்கிய சாதிச் சான்றிதழைப் பார்க்கவும்"னு இருந்தா பதறாதீங்க, அது அப்படித்தான்.

படி 6: காமன் பூல்

பேப்பர் டிசி கைக்கு வந்தா வேல முடிஞ்சுதுன்னு நெனச்சேன், இல்ல. எமிஸ் சாஃப்ட்வேர்ல பழைய ஸ்கூல் டிசி போட்டதும் பிள்ளையோட பேர் அங்க இருந்து வெளிய வந்து காமன் பூல்னு ஒரு எடத்துல போய் நிக்கும், புது ஸ்கூல் அதுல இருந்து எமிஸ் நம்பர் போட்டுத் தேடி எடுத்து தன் லிஸ்ட்ல சேத்துக்கணும். சுருக்கமா சொன்னா, ஒரு பஸ்ல இருந்து எறங்கி ஸ்டாண்டுல நிக்கற மாதிரி. பழைய ஸ்கூல் கம்ப்யூட்டர்ல எறக்கி விடலன்னா புது ஸ்கூல்ல ஏத்த முடியாது. பேப்பர் கையில இருக்கும், "எமிஸ்ல இன்னும் காட்டலையே"ன்னு சொல்லுவாங்க, அப்ப சண்ட போடாம பழைய ஸ்கூலுக்கு போன் போட்டு "காமன் பூல்ல விட்டுட்டீங்களா"ன்னு கேளுங்க, இந்த வார்த்தைய சொன்னாலே டக்குனு புரியும்.

புது ஸ்கூல்ல குடுக்க வேண்டியது: ஒரிஜினல் டிசி, ஆதார், சாதிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், ஃபோட்டோ, பேங்க் பாஸ்புக் ஜெராக்ஸ். பாஸ்புக் எதுக்குன்னா ஸ்காலர்ஷிப்புக்கு.

டிசி தர மாட்டேங்கறாங்க, இல்ல டிசி இல்லாம சேக்க மாட்டேங்கறாங்கன்னா?

எட்டாவது வரைக்கும் சட்டம் உங்க பக்கம் ரொம்பவே இருக்கு. 2009ஆம் வருஷ கல்வி உரிமைச் சட்டம் 5வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, எந்தக் காரணத்துக்காக ஸ்கூல் மாற வேண்டியிருந்தாலும் எச்எம் உடனே டிசி தரணும், இழுத்தடிச்சா அவர் மேல ஒழுங்கு நடவடிக்க எடுக்கலாம். இன்னொண்ணு, டிசி வர லேட்டாகுதுங்கறத காரணம் காட்டி புது ஸ்கூல் சேர்க்கைய தள்ளிப் போடவோ மறுக்கவோ கூடாது. வயசுச் சான்று இல்லன்னு திருப்பி அனுப்பக் கூடாதுன்னு 14வது பிரிவும், அட்மிஷன் தேதி முடிஞ்சு வந்தாலும் சேக்கணும்னு 15வது பிரிவும் இருக்கு. பிரைவேட்ல ஃபீஸ் பாக்கின்னு டிசிய புடிச்சு வெச்சுக்கற பழக்கத்த 2024 ஜூலைல சென்னை உயர் நீதிமன்றமும் கண்டிச்சுது, டிசி ஃபீஸ் வசூல் பண்ற கருவி இல்லன்னு.

மொதல்ல எச்எம் கிட்ட சட்டப் பிரிவ மரியாதையா சொல்லிப் பாருங்க. நடக்கலன்னா தொடக்க, நடுநிலைப் பள்ளிக்கு பிஇஓ (வட்டாரக் கல்வி அலுவலர்) ஆபீஸ், உயர்நிலை மேல்நிலைக்கு டிஇஓ (மாவட்டக் கல்வி அலுவலர்), அதுக்கும் மேல சிஇஓ (முதன்மைக் கல்வி அலுவலர்). அலைய முடியாதவங்க 14417க்கு போன் பண்ணலாம், பள்ளிக்கல்வித் துறையோட ஹெல்ப்லைன்.

9 முதல் 12 வரைக்கும் கொஞ்சம் வேற

இங்க மேல சொன்ன சட்டம் இல்ல, ஏன்னா அது 14 வயசு, எட்டாவது வரைக்கும்தான். 10வதும் 12வதும் பொதுத்தேர்வு, தேர்வுக்குப் போற பெயர்ப்பட்டியல் எமிஸ்ல இருந்துதான் தயாராகும், அதனால அந்த வருஷம் மாத்தணும்னா ஜூன்லயே மாத்திடுங்க, நடுவுல வேணவே வேணாம். 11வதுல சைக்கிள் வேற குடுப்பாங்க, பழைய ஸ்கூல்ல வாங்கிட்டா புதுசுல திரும்பக் கிடைக்காது, பசங்ககிட்ட இத முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க.

மீடியம் மாத்தறதுக்கு முன்னாடி

ஸ்கூல் மாத்தறப்ப கையோட இங்கிலீஷ் மீடியத்துக்கும் மாத்திடலாம்னு நிறைய பேர் நெனைக்கறாங்க. மாத்தறது உங்க இஷ்டம். ஆனா டிஎன்பிஎஸ்சி மாதிரி அரசு வேலைல தமிழ் வழியில படிச்சவங்களுக்கு 20 சதவீத முன்னுரிம இருக்கு, 2010ல வந்தது, 2020ல திருத்தினப்புறம் ஸ்கூல் படிப்புல இருந்தே தமிழ் மீடியமா இருந்தாதான் செல்லும். ஏழாவதுல மாத்தற மீடியம் இருபத்தஞ்சு வயசுல வந்து நிக்கும். என் பையன கடைசில தமிழ் மீடியத்துலயே விட்டுட்டேன், இங்கிலீஷ் மீடியத்துல எடம் இல்லாததால வந்த முடிவுதான், பெரிய தீர்க்கதரிசனம் எல்லாம் இல்ல.

சேந்தப்புறம் மொத ரெண்டு வாரம்

பஸ் பாஸ் புது ரூட்டுக்கு வேற எடுக்கணும், ஸ்கூல்லயே அப்ளை பண்ணிடுவாங்க. பழைய பாடப் புத்தகத்த திருப்பிக் குடுக்காம கூடவே எடுத்துட்டு வாங்க, அதே மீடியம்னா அதேதான். ஒரு வாரம் கழிச்சு கிளாஸ் டீச்சர்கிட்ட "எமிஸ்ல பேர் ஏறிடுச்சாங்க"ன்னு ஒரு வார்த்த கேளுங்க, நோட்டு, ஷூ, யூனிஃபார்ம் எல்லாம் அந்தக் கணக்கப் பாத்துத்தான் வருது.

அப்புறம் ஒரிஜினல் டிசிய புது ஸ்கூல் வாங்கி வெச்சுக்கும், திரும்ப வராது. அதனால குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து, மொபைல்லயும் ஒரு ஃபோட்டோ எடுத்து வெச்சிடுங்க. 7.5 ஒதுக்கீட்டுக்கோ தமிழ் வழிச் சான்றுக்கோ பின்னாடி போறப்ப படிச்ச ஒவ்வொரு ஸ்கூல்லயும் எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம்னு கேப்பாங்க, அப்ப இந்த ஜெராக்ஸ்தான் பதில் சொல்லும்.