1947-ஆ, 1963-ஆ? இங்கிலாந்தின் பழைய குளிர்காலங்களை ஒப்பிடும் முறை

இங்கிலாந்தில் வானிலைப் பைத்தியம் பிடித்த இரண்டு பேர் சந்தித்தால், 1947 பெரிய குளிரா 1963 பெரிய குளிரா என்ற பேச்சு எப்படியும் வந்துவிடும். ஒருவர் வெப்பநிலையைச் சொல்லுவார், இன்னொருவர் பனி கொட்டியதைச் சொல்லுவார், பேச்சு முடியவே முடியாது. அதனால் எதை அளக்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

வெப்பநிலை என்றால் வேலை சுலபம். மத்திய இங்கிலாந்து வெப்பநிலைத் தொடர் என்று ஒன்று இருக்கிறது, கார்டன் மேன்லி என்ற காலநிலை ஆய்வாளர் தொகுத்தது, 1659 முதல் மாதவாரியாகக் கிடைக்கிறது. வெப்பமானி வைத்து எடுத்த பதிவுகளில் இவ்வளவு நீளமானது உலகத்தில் வேறு இல்லை, இணையத்தில் இலவசமாகவே எடுக்கலாம். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்றையும் கூட்டி மூன்றால் வகுங்கள். டிசம்பர் முந்தைய வருடத்தினுடையதாக இருக்க வேண்டும், புதிதாகக் கணக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். இப்படிப் பார்த்தால் 1962-63 மைனஸ் 0.3 டிகிரி, 1946-47 ஒரு டிகிரிக்குச் சற்று மேலே. 1683-84 இரண்டையும் தாண்டி மைனஸ் 1.2.

அப்போ 1947-ஐப் பற்றி ஏன் இன்னும் பேசுகிறார்கள்? அந்த ஜனவரியின் நடுவில் குளிரே இல்லை. ஆனால் 22-ஆம் தேதி தொடங்கி மார்ச் 17 வரை நாட்டின் ஏதாவது ஒரு மூலையில் தினமும் பனி விழுந்தது, அது உருகியபோது பெருவெள்ளம் வந்தது. மார்ச் மாதம் நம் மூன்று மாதக் கணக்குக்குள் வருவதே இல்லை! 2018-இலும் இதே கதை, பிப்ரவரி கடைசியில் கிழக்கிலிருந்து வந்த குளிர் மார்ச்சுக்குள் நீண்டது. நேர்மாறாக, 2010 டிசம்பர் 1890-க்குப் பிறகு வந்த மிகக் குளிரான டிசம்பர், ஆனால் அடுத்த பிப்ரவரி 6 டிகிரியைத் தாண்டியதால் அந்தக் குளிர்காலத்தின் சராசரியைப் பார்க்கிறவருக்கு எதுவுமே தெரியாது. ஆகவே சராசரிக்குப் பக்கத்தில் மாதங்களைத் தனித்தனியாக எழுதுங்கள், நவம்பரையும் மார்ச்சையும் சேர்த்தே எழுதுங்கள்.

பனிப்பொழிவுக் கணக்கு கொஞ்சம் பொறுமை கேட்கும். தமிழில் குறிப்பு எழுதுகிறவர்கள் வெறுமனே 'பனி' என்று எழுதினால் அடுத்த வருடம் உங்களுக்கே குழப்பம் வரும். புல்லில் படிந்த உறைபனி, மூடுபனி, வானத்திலிருந்து விழுந்த வெண்பனி மூன்றையும் பிரித்து எழுதுங்கள். பனி விழுந்த நாள் வேறு, பனி கிடந்த நாள் வேறு. காலை 9 மணிக்குத் தரையில் பாதிக்கு மேல் மூடியிருந்தால் அது பனி கிடந்த நாள், பிரிட்டனில் இதுதான் வழக்கமான கணக்கு. ஆழத்தைக் காற்று அடித்துக் குவித்த இடத்தில் அளக்காதீர்கள், சமமான மூன்று நான்கு இடங்களில் அளவுகோலை நட்டுச் சராசரி எடுங்கள். மலையோர ஊரின் பதிவை லண்டன் பதிவோடு ஒப்பிடவே வேண்டாம், ஒரே நிலையத்தின் பழைய வருடங்களோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

'சராசரியை விடக் குளிர்' என்று யாராவது சொன்னால் எந்தச் சராசரி என்று கேளுங்கள். 1961-90 குளிர்காலச் சராசரி 4.1 டிகிரி அளவில் இருந்தது, 1991-2020 சராசரி அதைவிட அரை டிகிரிக்கு மேல் அதிகம். 4.4 டிகிரியில் முடிகிற ஒரு குளிர்காலம் பழைய கணக்கில் மிதமானது, புதிய கணக்கில் குளிரானது. பருவம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் ஒரே அடிப்படைக் காலத்தை வைத்துக்கொண்டு பத்துப் பத்து வருடங்களாகப் பாருங்கள், ஒற்றை வருடத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

அப்புறம் காரணத்துக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். ஐஸ்லாந்துப் பக்கத்துத் தாழ்வழுத்தத்துக்கும் அட்லாண்டிக்கில் உள்ள அசோர்ஸ் தீவுகளின் பக்கத்து உயரழுத்தத்துக்கும் வித்தியாசம் குறைந்தால் கடலிலிருந்து வரும் மிதமான மேற்குக் காற்று தளர்ந்து கிழக்குக் குளிர் உள்ளே வர வழி கிடைக்கும், 2010 டிசம்பரில் அதுதான் நடந்தது. வட துருவத்துக்கு மேலே அடுக்குமண்டலம் (வானிலை நடக்கிற அடுக்குக்கு மேலே உள்ள காற்றடுக்கு) திடீரென்று சூடான தேதிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். 2018 பிப்ரவரியில் அது நடந்த இரண்டு வாரத்தில் பிரிட்டன் பனியில் மூடியது. 2019 தொடக்கத்திலும் அப்படிச் சூடானது, ஆனால் பிப்ரவரி 26 அன்று லண்டன் கியூ தோட்டத்தில் பதிவானது 21.2 டிகிரி, ஆகவே அது சூடானால் குளிர் வந்தே தீரும் என்று எழுதிவிடாதீர்கள்.