பெடலை விடுங்கள், முதலில் ஷூவைப் பாருங்கள்

என் இடது கணைக்காலில் வரிசையாக நான்கு தழும்புகள் இருக்கின்றன. கோலத்துக்கு வைத்த புள்ளி மாதிரி இடைவெளிகூடப் பிசகாது. சிங்கப்பூரின் உபின் தீவில், கேத்தாம் மலைச் சைக்கிள் பூங்காவில் வாங்கியவை. அன்றைக்கு என் காலில் இருந்தது காலையில் ஓடப் போகும் ஷூ. சைக்கிளில் இருந்ததோ 180 வெள்ளி கொடுத்து வாங்கிய புத்தம்புது அலுமினியப் பெடல். நல்ல பெடல் போட்டால் கால் வழுக்காது என்று யாரோ சொன்னதை நம்பியிருந்தேன். இறக்கத்தில் ஒரு மரவேர் குறுக்கே வந்தது, சைக்கிள் துள்ளியது, கால் பெடலை விட்டு எழும்பியது. திரும்பக் கீழே வைப்பதற்குள் பெடல் ஒரு சுற்றுச் சுற்றி வந்து எலும்பில் அடித்தது.

போன வாரம் தம்பி மகன் போன் செய்தான். "அத்தை, மலைச் சைக்கிள் வாங்கிட்டேன். எந்தப் பெடல் போடலாம்?" பெடல் இருக்கட்டும், காலில் என்ன போட்டு ஓட்டுகிறாய் என்று கேட்டேன். சிரித்தான். எனக்கு அந்த நான்கு புள்ளியும் அரிக்க ஆரம்பித்துவிட்டது.

ஷூவை பெடலோடு பூட்டிக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. அதை ஆங்கிலத்தில் 'கிளிப்லெஸ்' என்கிறார்கள், அதாவது கிளிப் இல்லாதது. பூட்டுகிற பெடலுக்கு ஏன் இப்படி ஒரு பெயர்? முன்பு கால்விரலைப் பிடித்துக்கொள்ள பெடலில் ஒரு கூண்டு இருந்தது, அதுதான் கிளிப். கூண்டு போனது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. நான் சொல்லப்போவது அதைப் பற்றி அல்ல, எந்தப் பூட்டும் இல்லாத தட்டைப் பெடல் பற்றி. இது கற்றுக்குட்டிகளுக்குத்தான் என்று யாராவது சொன்னால் சாம் ஹில்லைக் காட்டுங்கள். ஆஸ்திரேலியக்காரர். தட்டைப் பெடலிலேயே மலையிறக்கப் பந்தயத்தில் உலகச் சாம்பியன் ஆனவர். பிறகு ஏற்றமும் இறக்கமும் கலந்த 'எண்டுரோ' பந்தயங்களின் உலகத் தொடரையும் 2017, 2018, 2019 என்று மூன்று வருடம் விடாமல் வென்றார்.

சரி, ஷூ. தட்டைப் பெடலின் மேல் சின்னச் சின்ன ஆணிகள் நிற்கும். கடையில் 'பின்' என்பார்கள், நான் முள் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். முள் ரப்பரில் பதிந்தால்தான் பிடிப்பு. ஓட்ட ஷூவின் அடியில் மெத்து மெத்தென்று நுரை. பெடலில் நின்றால் பாதம் வளைந்து பெடலைச் சுற்றிக்கொள்ளும், அரை மணி நேரத்தில் உள்ளங்கால் வலி எடுக்கும். முன்பக்கம் மேல்நோக்கி வளைந்திருப்பதால் முன்வரிசை முள் ஷூவைத் தொடவே தொடாது. மலையேறும் பூட்ஸில் வேறு சிக்கல். அதன் அடியில் ஆழமான பள்ளமும் மேடும் இருக்கும். முள் பள்ளத்தில் விழுந்தால் சும்மா நிற்கும், மேட்டில் பட்டால் வழுக்கும்.

தேட வேண்டியது தட்டையான அடி, ஆழமில்லாத புள்ளி வடிவம், மென்மையான ரப்பர், நடுவில் மட்டும் கொஞ்சம் விறைப்பு. இந்த வகையில் பெயர் வாங்கியது ஃபைவ் டென். 1985-இல் பாறை ஏறுகிறவர்களுக்காகத் தொடங்கிய நிறுவனம், 2011-இல் அடிடாஸ் வாங்கியது. பாறையில் ஒட்டுவதற்காகச் செய்த 'ஸ்டெல்த்' ரப்பர்தான் பெடலுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அதுதான் வேண்டும் என்றில்லை, இப்போது பல நிறுவனங்கள் நல்ல ரப்பர் போடுகின்றன. பெயரைப் பார்க்காமல் கையால் பாருங்கள்.

கடையில் நான் செய்வது இது. ஷூவைத் திருப்பி அடிரப்பரில் கட்டைவிரல் நகத்தை அழுத்துவேன். நகம் லேசாகப் பதிந்து மெதுவாக மேலே வந்தால் நல்லது, கல் மாதிரி இருந்தால் அப்படியே அடுக்கில் வைத்துவிடுவேன். அடுத்து முன்னும் பின்னும் பிடித்து வளைப்பேன். விரல் மடங்கும் இடத்தில் வளையலாம், நடுப்பாதத்தில் வளையக் கூடாது. அப்புறம் பையிலிருந்து என் பழைய பெடலை எடுத்து ஷூவின் அடியில் அழுத்தித் திருகிப் பார்ப்பேன். கடைப் பையன் முதல் தடவை ஒரு மாதிரி பார்த்தான். இப்போது அவனே "பெடல் கொண்டு வந்தீங்களா அக்கா?" என்று கேட்கிறான்.

சாயங்காலம் போய் வாங்குங்கள். நம் ஊர் வெக்கையில் பாதம் அதற்குள் கொஞ்சம் வீங்கியிருக்கும், அளவு சரியாகத் தெரியும். நாடா இருந்தால் முடிச்சைச் செருகி வைக்க ஒரு எலாஸ்டிக் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். வலது கால் நாடா செயினில் சிக்கினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் தட்டை அடி ஸ்கேட்போர்டு ஷூ கிடந்தால் முதல் இரண்டு மாதத்துக்கு அதுவே போதும். ஓட்ட ஷூவைவிட எவ்வளவோ மேல், ஆனால் விறைப்பு இல்லாததால் நீண்ட சவாரிக்கு ஆகாது.

இன்னொன்று: தள்ளுபடி என்று இரண்டு ஜோடி வாங்கி ஒன்றைப் பெட்டியிலேயே வைக்காதீர்கள். நான் வைத்தேன். மூன்று வருடம் கழித்து எடுத்துப் போட்டுக்கொண்டு மின்தூக்கி வரை நடந்தேன், அடிப்பகுதி பிட்டுபிட்டாக உதிர்ந்துவிட்டது. பாலியூரித்தேன் நுரை காற்றின் ஈரத்தைக் குடித்துத் தானாகவே சிதையும், போடாவிட்டாலும் சிதையும். ஈரமானால் தாளைத் திணித்து நிழலில், மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். வெயிலில் வைத்தால் பசை விட்டுப்போகும்.

இப்போது பெடலுக்கு வரலாம். என் ஷூ அளவு ஐரோப்பியக் கணக்கில் 38. பெரிய பெடல்தான் நல்லது என்று வாங்கிப் பார்த்தேன், ஓரம் வீணாக வெளியே நீட்டிக்கொண்டு கல்லில் முட்டியதுதான் மிச்சம். கிராங்க்பிரதர்ஸ் நிறுவனம் தன் 'ஸ்டாம்ப்' பெடலை இரண்டு அளவில் விற்கிறது, 37 முதல் 43 வரை சின்னது, 43 முதல் 49 வரை பெரியது. வேறு பெடல் வாங்கினாலும் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளலாம். பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் நடுப்பகுதி ஓரங்களைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும். பாதம் அந்தக் குழிவில் உட்கார்ந்துகொள்ளும்.

அலுமினியமா நைலானா? நான் இப்போது ஓட்டுவது 70 வெள்ளி நைலான் பெடல். கனம் குறைவு, கல்லில் பட்டால் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். புக்கிட் தீமா மலைச் சைக்கிள் பாதையில் பட்ட அடியெல்லாம் அதன் ஓரத்தில் கீறலாக இருக்கிறது, உடையவில்லை. உள்ளே அச்சு எஃகுதான், பயம் வேண்டாம். அந்த 180 வெள்ளிப் பெடலையும் நல்ல ஷூவோடு ஓட்டிப் பார்த்தேன். வித்தியாசம் இருக்கிறது, 110 வெள்ளிக்கு இல்லை. அந்தப் பணத்தை ஷூவில் போடுங்கள்.

முள் எத்தனை என்று எண்ண வேண்டாம். முன் ஓரத்திலும் பின் ஓரத்திலும் நின்றால் போதும். எப்படி மாட்டியிருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். மேலிருந்து முறுக்கும் முள்ளில் ஆலன் கீ என்கிற அறுகோணச் சாவி நுழையும் துளை மேல்பக்கம் இருக்கும். கல்லில் அடிபட்டால் துளை நசுங்கிவிடும், பிறகு கழற்றுவது பெரும்பாடு. அடிப்பக்கத்திலிருந்து முறுக்கும் முள் தலை நசுங்கினாலும் கழன்று வரும். புதியவர்கள் உயரம் குறைந்த முள்ளோடு தொடங்குங்கள், தழும்பும் குறையும்.

மாட்டும்போது ஒன்றை மறக்காதீர்கள். இடது பெடலின் மரை தலைகீழானது. இடம் வலம் குழம்பினால் என் வழி இது: ஸ்பேனரை மேல்நோக்கி நிற்கும்படி வைத்து முன்சக்கரப் பக்கம் தள்ளினால் இறுகும், பின்சக்கரப் பக்கம் தள்ளினால் தளரும். இரண்டு பெடலுக்கும் இது ஒன்றுதான். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, முதலில் விரலால் நான்கு சுற்றுச் சுற்றுங்கள். விரலுக்கு வராததை ஸ்பேனரால் அழுத்தினால், பெடலைத் தாங்கும் கை, அதாவது கிராங்க், போய்விடும்.

முதல் சவாரியில் கால் பெடலிலேயே ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். இழுக்காதீர்கள், தூக்கி வையுங்கள். பெருவிரலின் அடிமேடு அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கட்டும், இறக்கத்தில் குதிகாலைத் தாழ்த்துங்கள். தம்பி மகனைச் செஸ்ட்நட் பூங்காவுக்குத்தான் முதலில் அழைத்துப் போகிறேன், கணைக்கால் காப்போடு.

அடுத்த மாதம் உபின். சாங்கி படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் 'பம்போட்' என்கிற சின்ன மோட்டார் படகு கிளம்பும், சைக்கிளும் ஆளும் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பையில் பழைய காலுறை ஒரு ஜோடி வைத்திருப்பேன். படகில் ஏறும் முன் இரண்டு பெடலுக்கும் மாட்டிவிடுவேன், பக்கத்தில் நிற்கிற பாட்டியின் காலிலும் அந்த நான்கு புள்ளி வேண்டாம்.