மலை ஸ்னோமொபைலைச் சீரமைத்த பாதையில் ஓட்டும்போது

மொன்டானாவின் வெஸ்ட் யெல்லோஸ்டோன் பக்கம் மலைக்குப் போகும் வழியே இயந்திரம் வைத்து இறுக்கிய பனிப்பாதைதான். ஆழப்பனிக்கென்றே செய்த மலை ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் மோட்டார் வண்டி) அங்கே முரண்டு பிடிக்கும். அதன் முன்னால் இருக்கும் இரண்டு ஸ்கீகளின் (சறுக்குப் பலகைகளின்) இடைவெளி ஏறக்குறைய 36 அங்குலம். பாதையில் ஓட்டவென்றே செய்த வண்டிக்கு 42, 43 இருக்கும். அதனால் வளைவில் உள்பக்க ஸ்கீ தூக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இருக்கையில் உள்பக்கம் நகர்ந்து சாய்ந்துகொள்ளுங்கள். நடுவளைவில் த்ராட்டிலை அழுத்தினால் முன்பாரம் குறைந்து, ஹேண்டிலைத் திருப்பியும் வண்டி நேராகவே போகும்.

இது அடிக்கடி நடந்தால் ட்ராக்கைத் (வண்டியை உந்தும் ரப்பர் பட்டை) தாங்கும் சஸ்பென்ஷனின் முன்பக்க லிமிட்டர் பட்டையை (சஸ்பென்ஷன் விரியும் அளவைக் கட்டுப்படுத்தும் வார்) ஒரு துளை மட்டும் இறுக்குங்கள். ஸ்கீயில் பாரம் கூடும். ஆழப்பனிக்குள் போகுமுன் பழையபடி தளர்த்திவிட வேண்டும், இல்லையென்றால் மூக்கு புதையும்.

இதைவிடப் பெரிய தலைவலி சூடு. ரேடியேட்டரையும் ட்ராக் உரசும் பிளாஸ்டிக் ஸ்லைடரையும் குளிர வைப்பது ட்ராக் வாரியடிக்கும் பனிதான். இறுகிய பாதையில் அது கிளம்பாது. ஸ்க்ராட்சர் கம்பிகளை இறக்கிவிட்டால் பனியைக் கீறித் தூவும். விறைப்பான கம்பி வகை என்றால் ரிவர்ஸ் எடுக்குமுன் மறக்காமல் தூக்குங்கள், வளைந்து ஒடியும். பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தாலோ, சூட்டு விளக்கு எரிந்தாலோ ஓரத்துப் புதுப்பனியில் சிறிது தூரம் ஓட்டுங்கள். நீண்ட நேரம் முழு வேகம் வேண்டவே வேண்டாம்: ட்ராக்கின் 3 அங்குல ரப்பர் பற்கள் சூடேறிப் பிய்ந்துவிடும்.