சம்பளத்தில் இருந்துகொண்டே வெளிவேலைக்கு பில் போடுவது எப்படி

ஐடி கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே, சனி ஞாயிறில் உட்கார்ந்து திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்கு வெப்சைட் செய்து கொடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பேசிய தொகை 60,000 ரூபாய். வேலை முடிந்ததும் அங்கிருந்து அக்கவுண்ட்ஸ்காரர் போன் போட்டு "சார், பில் அனுப்புங்க, பாஸ் பண்ணிடலாம்" என்பார். முதல் தடவை என்றால் இங்கேதான் முழிப்போம்.

அதற்கு முன்னால், அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து, வெளிவேலை செய்யக்கூடாது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். வரியை ஒழுங்காகக் கட்டிவிட்டால் அந்தச் சிக்கல் தீராது, அது வேறு இது வேறு.

பில் போட கம்பெனி ஆரம்பிக்க வேண்டியதில்லை, ஜிஎஸ்டி நம்பரும் வேண்டாம். தமிழ்நாட்டில் சேவை வழங்குபவருக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு, உங்கள் சம்பளம் அந்தக் கணக்கில் வராது. ஒரு வேர்ட் ஃபைல் போதும்: உங்கள் பெயர், முகவரி, பான், பில் எண், தேதி, அவர்கள் பெயர் முகவரி, என்ன வேலை, எவ்வளவு (எண்ணிலும் எழுத்திலும்), பேங்க் அக்கவுண்ட், ஐஎஃப்எஸ்சி, கீழே ஒரு கையெழுத்து. என் முதல் பில்லை நெட்டில் கிடைத்த மாதிரியில் அடித்தேன், அதில் இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி வரியைக் கவனிக்காமல் அப்படியே அனுப்பிவிட்டேன், "ஜிஎஸ்டி நம்பர் எங்கே சார்?" என்று உடனே போன் வந்தது. பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது. பானையும் மறந்துவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் டிடிஎஸ் (பணம் கொடுப்பவரே முதலில் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) 20 சதவீதம் போய்விடும்.

பணம் 54,000தான் வரும், பதறாதீர்கள். 2025 ஏப்ரலிலிருந்து ஒரு நிறுவனம் ஒருவருக்கு ஆண்டில் 50,000க்கு மேல் தொழில்முறைக் கட்டணம் கொடுத்தால் 10 சதவீதம் பிடித்துக்கொள்ள வேண்டும். சில கணக்காளர்கள் இதைத் தொழில்நுட்பச் சேவை என்று வைத்து 2 சதவீதம் பிடிப்பதும் உண்டு.

எல்லோரும் தப்பு செய்வது இதற்கு அப்புறம்தான். டிடிஎஸ் பிடித்துவிட்டார்கள், வரி முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். பிடித்தது வெறும் முன்பணம், உண்மையான வரி உங்கள் சம்பளத்தின் மேல் இது எங்கே போய் உட்காருகிறது என்பதைப் பொறுத்தது. வெப்சைட் வேலை தகவல் தொழில்நுட்பத் தொழிலில் சேரும், அதனால் 2025-26 வருமானத்துக்கு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் வரவில் பாதியை லாபமாகக் காட்டலாம், செலவுக்கு ரசீது சேர்த்து வைக்க வேண்டாம். 60,000க்கு 30,000 லாபம்.

2025-26 நிதியாண்டுக்கு, புதிய வரிமுறையில் பாருங்கள். சம்பளம் 15 லட்சம் உள்ளவருக்கு இந்த 30,000க்கு 15 சதவீத வரி, செஸ் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) சேர்த்து 4,680. பிடித்தது 6,000, மிச்சம் திரும்பி வரும். ஆனால் சம்பளம் சரியாக 12.75 லட்சம், வேறு வருமானம் இல்லை என்றால்? நிலைக்கழிவு 75,000 போக 12 லட்சம், அதுவரை வரி முழுதும் தள்ளுபடி என்பதால் வரி சுத்தமாகப் பூஜ்யம். அதன் மேல் 30,000 ஏறியதும் தள்ளுபடி போய்விடுகிறது, 12 லட்சத்துக்கு மேற்பட்ட தொகையைவிட வரி கூடக்கூடாது என்ற சலுகை இருப்பதால் அந்த 30,000 முழுதும் வரி, செஸ் 1,200. ஆக 60,000 ரூபாய் வேலைக்கு 31,200 வரி! நீங்கள் இந்த எல்லையில் இருப்பவர் என்றால் ரேட் பேசும்போதே இதை மனதில் வையுங்கள், பேசி முடித்தபின் கணக்குப் போட்டு ஒன்றும் ஆகாது.

டிடிஎஸ் போக பாக்கி வரி 10,000 அல்லது அதற்கு மேல் இருந்தால் முன்கூட்டியே கட்ட வேண்டும், 44ஏடிஏ எடுத்தவருக்கு மார்ச் 15க்குள் ஒரே தவணை. மேலே சொன்ன 12.75 லட்சம் சம்பளக்காரருக்கு 25,200. வருமான வரித் தளத்தில் கட்டும்போது மதிப்பீட்டு ஆண்டு என்று கேட்கும் இடத்தில் நிதியாண்டைப் போட்டுவிடாதீர்கள், 2025-26 வருமானத்துக்கு 2026-27.

வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய ஐடிஆர்-1 படிவம் ஆகாது, ஐடிஆர்-4. பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு ஒரு வம்பு: தொழில் வருமானம் காட்டினால் 10-ஐஇஏ படிவம் கொடுத்தால்தான் பழையதில் இருக்க முடியும், சம்பளக்காரர் போல வருஷத்துக்கு வருஷம் மாற்றிக்கொள்ளவும் முடியாது. ஒரே ஒரு சின்ன வேலைக்காக இந்தச் சிக்கலில் மாட்டுவதா என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

ஏப்ரலிலேயே அவசரப்பட்டுத் தாக்கல் செய்யாதீர்கள். கடைசிக் காலாண்டு டிடிஎஸ் கணக்கைக் கொடுக்க கம்பெனிகளுக்கு மே 31 வரை நேரம் இருக்கிறது, அது முடிந்தபின், உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து அந்த 6,000 ஏறியிருக்கிறதா பாருங்கள். ஏறவில்லை என்றால், அதே அக்கவுண்ட்ஸ்காரருக்கு இப்போது நீங்கள் போன் போட வேண்டியதுதான்.