விழப்போகிற பல்தானே என்று விட்டுவிடாதீர்கள்

“பால் பல்தானே, எப்படியும் விழுந்துவிடும்” என்ற நினைப்புதான் குழந்தைகளின் பல் பராமரிப்பில் நடக்கும் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் இடம் கொடுக்கிறது. முன்பற்கள் 6, 7 வயதில் விழுவது உண்மைதான். ஆனால் கடைவாயில் உள்ள பால் பற்கள் 10 முதல் 12 வயது வரை இருந்தாக வேண்டியவை. சொத்தையாகி அவற்றை முன்கூட்டியே எடுக்க நேர்ந்தால், பக்கத்துப் பற்கள் அந்த இடத்துக்குச் சாய்ந்துவிடும். பிறகு முளைக்கும் நிரந்தரப் பல் இடமில்லாமல் கோணலாக வரும். பால் பல்லின் வெளிப்பூச்சான எனாமலும் மெல்லியது; அதனால் சொத்தை வெகு சீக்கிரம் நரம்பு வரை இறங்கிவிடும்.

தவறுகளிலேயே பெரியது, வாயில் பால் புட்டியோடு குழந்தையைத் தூங்கவைப்பது. தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும். கழுவப்படாத பால் மேல் முன்பற்களைச் சுற்றி மணிக்கணக்கில் தேங்கி நிற்கும். கீழ் முன்பற்களை நாக்கு மறைத்துக்கொள்வதால் அவை பெரும்பாலும் தப்பிக்கும். ஆகவே வாரம் ஒருமுறையாவது குழந்தையின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசியது போல மங்கிய வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் சொத்தையின் தொடக்கம். அந்த நிலையில் கவனித்தால் பல்லைத் துளைக்காமலேயே மீட்டுவிட முடியும். பழுப்பாகிக் குழி விழும்வரை காத்திருப்பதுதான் மனதை வருத்துகிறது, ஏனென்றால் அதற்குப் பிறகு அந்தப் பிஞ்சு வலியைத் தாங்க வேண்டும்.

புட்டியை ஒரே நாளில் பிடுங்க வேண்டியதில்லை. தூங்குவதற்கு முன்பே பாலைக் கொடுத்து முடித்து, பல் துலக்கிவிட்டுப் படுக்கவையுங்கள். அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும் போதும்.

பற்பசையில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. சொத்தையைத் தடுக்கப் பற்பசையில் சேர்க்கும் ஃபுளோரைடுக்குப் பயந்து அதை அறவே தவிர்ப்பவர்கள் ஒருபக்கம், பிரஷ் முழுக்கப் பிதுக்குபவர்கள் இன்னொரு பக்கம். முதல் பல் முளைத்ததிலிருந்து 3 வயது வரை ஓர் அரிசி அளவும், 3 முதல் 6 வரை ஒரு பட்டாணி அளவும் ஃபுளோரைடு பற்பசை போதும். துலக்கியதும் நுரையைத் துப்பச் சொல்லுங்கள். தண்ணீர்விட்டுக் கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃபுளோரைடும் போய்விடும்.

பிரஷைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள். 7, 8 வயது வரை கடைவாய்ப் பற்களை ஒழுங்காகத் துலக்கும் அளவுக்குக் கை பழகியிருக்காது. அவர்கள் ஆசைக்குத் துலக்கட்டும். முடிவில் நீங்கள் ஒருமுறை துலக்கிவிடுங்கள். 6 வயதுவாக்கில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் வருவதால் பலர் அதையும் பால் பல் என்று எண்ணிக் கவனிக்காமல் விடுகிறார்கள். அது ஆயுள் முழுக்க இருக்க வேண்டிய நிரந்தரப் பல்.

இனிப்பில் அளவைவிட எத்தனை தடவை என்பதே முக்கியம். ஒவ்வொரு முறை சாப்பிட்டதும் வாயில் அமிலம் ஊறி, அது அடங்க அரைமணி நேரம்கூட ஆகலாம். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்தால் பல்லுக்கு ஓய்வே கிடைக்காது. பழச்சாறும் இதில் அடக்கம்.

வலி வந்த பிறகுதான் பல் மருத்துவரிடம் போவது என்ற வழக்கத்தையும் மாற்றுங்கள். முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.